எடை குறைந்து பிறந்த குழந்தைக்குத் தாயின் மார்பு

(அறக்கட்டளை விழாவின் மகளிர் அமர்வில் குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் மருத்துவச் செய்தி எதற்கு என்று எண்ணுவோர் இருக்கலாம். உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று 2,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கிறது. ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 2 கோடிக் குழந்தைகள். அந்தக் கணக்கு நம் வீடுகளை மட்டும் விட்டு விலகிச் செல்வதில்லை. "ஒன்றே முக்கால் கிலோதானாம்" என்ற சொல்லை மருத்துவமனை வாயிலில் நின்று கேட்டவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். அந்த வேளையில் பணம் கட்டுவது, வேண்டிக்கொள்வது, வாயிலில் காத்திருப்பது ஆகிய மூன்றைத் தவிர நமக்கு வேறு வேலை இல்லை என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். நான்காவதாக ஒரு வேலை உண்டு. அது மருந்துக்கு நிகரானது. அதைச் செய்ய வல்லவர் தாயும், தாய்க்கு அடுத்து அவள் வீட்டாருமே ஆவர்.

குழந்தையை ஆடையின்றித் தாயின் வெற்று மார்பில், தோலோடு தோல் பொருந்த வைத்து, துணியால் கட்டிப் பல மணி நேரம் பேணுவதே அந்த வேலை. 'கங்காரு தாய்ப் பராமரிப்பு' என்று மருத்துவ உலகம் இதனை அழைக்கிறது. கங்காருவின் குட்டி பிறக்கும்போது ஒரு கிராம் எடைகூட இராது. அது தாயின் வயிற்றுப் பைக்குள் தானே ஊர்ந்து சென்று, அங்கேயே பால் குடித்து வளர்கிறது. பெயர் அந்த விலங்கிடமிருந்து வந்தது, முறை மனிதர்களுடையது.

முதலில், எடை குறைந்த குழந்தைக்கு என்ன ஆபத்து என்பதை அறிய வேண்டும். எடை குறைவதற்குக் காரணம் இரண்டு. 37 வாரம் நிரம்புவதற்கு முன் பிறப்பது ஒன்று; நாள் நிரம்பியும் கருவில் போதிய வளர்ச்சி பெறாதது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. கருவளர்ச்சியின் கடைசி வாரங்களில்தான் தோலுக்கடியில் கொழுப்புப் படிகிறது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் சேரும் பழுப்புக் கொழுப்பு என்னும் ஒருவகைக் கொழுப்பு, குழந்தை தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதற்கான எரிபொருள். நாம் குளிரில் நடுங்கிச் சூடு பெறுகிறோம். பச்சிளங்குழந்தைக்கு அவ்வாறு நடுங்கிச் சூடு பெறும் திறன் பெரும்பாலும் இல்லை. அந்தக் கொழுப்பை எரித்தே அது சூடு பெற வேண்டும். முன்னதாகப் பிறந்த குழந்தையிடம் அந்த இருப்பு மிகக் குறைவு. அதனுடைய தோலும் மெல்லியது. அண்டாவில் காய்ச்சிய பால் ஆறுவதற்கு நெடுநேரம் ஆகும். அதையே சிறு கிண்ணத்தில் ஊற்றினால் சில நிமிடங்களில் ஆறிவிடும். எடைக்கு ஒப்பிடத் தோலின் பரப்பு மிகுதியாக இருப்பதால் சிறு குழந்தையும் அந்தக் கிண்ணத்துப் பாலைப் போலவே விரைந்து குளிர்கிறது.

குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் என்ன என்று நமக்குத் தோன்றும். சித்திரை வெயிலில் குளிர் எங்கிருந்து வரும் என்று கேட்ட பாட்டியரும் உண்டு. குளிர்ந்த குழந்தை சூடு பெறுவதற்காகத் தன் இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் உயிர்வளியையும் மிகுதியாகச் செலவிடுகிறது. சர்க்கரை குறைந்தால் சோர்வு. சோர்ந்தால் பால் உறிஞ்ச இயலாது. பால் இறங்காவிட்டால் மேலும் குளிர்ச்சி. இந்தச் சுழலில் சிக்கிய குழந்தை அழுவதுகூட இல்லை. "எவ்வளவு சமர்த்தாகத் தூங்குகிறது" என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே நிலைமை கைமீறிப் போவதுண்டு.

இந்தக் குளிரை வெல்வதற்கு மேலை நாட்டார் கண்ட கருவி கண்ணாடிப் பெட்டி. 1880ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரத்து மகப்பேறு மருத்துவர் தார்னியே, கோழிமுட்டைகளைப் பொரிக்க வைக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அதைப் போலக் குழந்தைகளுக்கும் ஒன்றைச் செய்வித்தார். அவருடைய மாணவர் புதேன் அதனை மேலும் வளர்த்தார். பின்னர் அமெரிக்காவின் கோனி தீவுப் பொழுதுபோக்குத் திடலில் மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை, பெட்டிக்குள் குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பொதுமக்களுக்குக் காட்சியாகக் காட்டி, அந்த நுழைவுக் கட்டணத்தைக் கொண்டே அவர்களைக் காப்பாற்றினார். பெற்றோரிடம் அவர் பணம் பெறவில்லை. விந்தையான வரலாறுதான், ஆயினும் பல உயிர்கள் அதனால் பிழைத்தன. கண்ணாடிப் பெட்டியை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டியோடு ஒரு வழக்கமும் கூடவே வந்துவிட்டது. குழந்தை உள்ளே, தாய் வெளியே என்பதே அந்த வழக்கம். தாயைப் பிரித்துவைத்தால் அவளுக்கும் குழந்தைக்கும் இடையிலான பற்று தளர்கிறது என்று புதேனே தம் காலத்தில் எச்சரித்தார். மருத்துவமனைகள் பெட்டியை ஏற்றுக்கொண்டன, எச்சரிக்கையை ஏற்கவில்லை.

நூறாண்டு கழித்து அந்த வழக்கத்தை உடைத்தது செல்வ நாடு அன்று. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில், ஏழை மக்கள் வந்து குழந்தை பெறும் தாய்சேய் மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டிய நிலை. ஒரு குழந்தையின் தொற்று அடுத்த குழந்தைக்குப் பரவியது. வாரக்கணக்கில் குழந்தையைத் தொடாமலிருந்த தாய்மாரிற் சிலர், குழந்தையை மருத்துவமனையிலேயே விட்டுச் சென்றனர். 1978ஆம் ஆண்டில் எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர், பெட்டிக்குப் பதிலாகத் தாயின் மார்பையே பயன்படுத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் எக்டர் மார்த்தினெஸ் அவருடன் சேர்ந்தார். இடைவிடாத தோல் தொடர்பு, தாய்ப்பால், குழந்தை தேறியதும் விரைவில் வீட்டுக்கு அனுப்பித் தவறாமல் வரவழைத்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் அவர்கள் முறையின் உறுப்புகள். மூன்றாவது உறுப்பை நம்மவர் மறந்துவிடுகின்றனர். வீட்டுக்கு அனுப்புவது விடுதலை அன்று. குறித்த நாளில் மீண்டும் வந்து எடை பார்ப்பதும் சிகிச்சையே.

பொகோட்டாவின் செய்தி பரவியபோது மருத்துவ உலகம் உடனே தலையசைக்கவில்லை. ஐயத்துக்கு நியாயமும் இருந்தது. முதல் சில நாட்களின் கண்டத்தைத் தாண்டிப் பிழைத்த குழந்தைகளையே அங்கே மார்பில் வைத்தனர். அவர்களைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இறப்பு குறைந்ததாகத் தோன்றுவது இயல்புதானே என்று கேட்டனர். எனவே முறையான ஆய்வுகள் தேவைப்பட்டன. 1990களில் பொகோட்டாவிலேயே நத்தலி ஷர்பாக் என்னும் மருத்துவர் தலைமையில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆய்வு நடந்தது. அக்குழந்தைகள் இருபது வயது எய்தியபின் அவர்களை மீண்டும் தேடிக் கண்டு ஆராய்ந்த முடிவுகள் 2017இல் வெளியாயின. மார்பில் வளர்ந்தவர்களிடம் துடுக்கும் மூர்க்கமும் குறைந்திருந்தன. பெற்றோரின் பரிவும் அவர்கள் வீட்டில் கூடுதலாகக் காணப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 2003இல் இம்முறைக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. இந்திய அரசும் 2014இல் தனி வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

ஆயினும் ஒரு கேள்வி நின்றது. குழந்தை நிலைபெற்ற பிறகே மார்பில் வைக்க வேண்டும் என்பதே அதுவரை விதி. அந்த 'நிலைபெறுதல்' சில நாட்கள் ஆகும். பச்சிளங்குழந்தை இறப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே நேர்கிறது. ஆக, மிகுதியாகத் தேவைப்படும் நாட்களில் இம்முறை குழந்தைக்குக் கிட்டவில்லை. பிறந்தவுடனே தொடங்கினால் என்ன? இதனை அறிய உலக நலவாழ்வு நிறுவனம் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில், நாட்டுக்கு ஒரு மருத்துவமனையாக ஆய்வு நடத்தியது. இந்தியாவில் அந்தப் பொறுப்பை ஏற்றது தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. 1,000 கிராமிலிருந்து 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினரைப் பிறந்தவுடனே மார்பில் வைத்தனர்; மறு பிரிவினரை வழக்கப்படி நிலைபெற்ற பிறகு வைத்தனர். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 12.0, மறு பிரிவில் 15.7. வேறுபாடு தெளிவாகத் தெரிந்தமையால், ஒரு பிரிவினருக்கு இதனை மறுத்துக்கொண்டு ஆய்வைத் தொடர்வது முறையாகாது என்று, குறித்த எண்ணிக்கை நிரம்பும் முன்பே சேர்க்கையை நிறுத்தினர். முடிவுகள் 2021 மே மாதம் வெளிவந்தன. 27 குழந்தைகளை இவ்வாறு பேணினால் கூடுதலாக ஓர் உயிர் பிழைக்கிறது என்பது அதன் பொருள். விலை உயர்ந்த மருந்துகள் பலவற்றால் இவ்வளவு சொல்ல முடியாது.

அந்த ஆய்வில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. முதற்பிரிவில் பாதிக் குழந்தைகளேனும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரமோ அதற்கு மேலோ மார்பிலிருந்தனர். இது எவ்வாறு இயன்றது? குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் படுக்கை இட்டனர். மகப்பேறு மருத்துவரும் செவிலியரும் தாயைப் பார்க்க அங்கேயே வந்தனர். தாய் இயலாத வேளையில் அவள் தேர்ந்த மற்றொரு பெண் குழந்தையை மார்பில் ஏந்தினாள். ஆக, அங்கே மாறியது மருந்தன்று, கதவு. நம் மருத்துவமனைகளில் பலவற்றில் அந்தக் கதவு இன்னும் மூடியே உள்ளது. தாயைப் பேற்றுக்குப் பின் மூன்றாம் மாடியிலும் குழந்தையை முதல் மாடியிலும் வைத்து, நாளுக்கு இருமுறை கண்ணாடி வழியே காட்டும் இடங்களை நான் அறிவேன். உறவினர் குறை சொல்லலாகாது என்று அஞ்சி வாய் மூடியிருப்பர். "தாயை எப்போது குழந்தையோடு சேர்ப்பீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை. 2022 நவம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை, பிறந்தவுடனே தொடங்குக, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தொடர்க என்கிறது. இதைச் சொல்லியே கேளுங்கள். நல்ல மருத்துவர் சினம் கொள்ள மாட்டார்.

இது ஏழைகளுக்கான மாற்று வைத்தியம், வசதி உள்ளவர்க்குக் கண்ணாடிப் பெட்டி என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நாளுக்கு இத்தனை ஆயிரம் என்று கட்டணம் செலுத்தினால்தான் நெஞ்சம் ஆறுகிறது. சுவீடன் போன்ற செல்வ நாடுகளில், பெட்டிக்குக் குறைவே இல்லாத மருத்துவமனைகளிலும், பெற்றோர் குழந்தையை மார்பில் ஏந்தியே தீவிர சிகிச்சைப் பிரிவில் அமர்ந்திருக்கின்றனர்.

அதே வேளையில், இம்முறை செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். மூச்சு விட இயலாத குழந்தைக்கு உயிர்வளியும் கருவியும் வேண்டும். தொற்றுக்கு மருந்து வேண்டும். ஐந்து நாட்டு ஆய்விலும் அவையெல்லாம் தேவைக்கேற்பத் தரப்பட்டன. தானே மூச்சு விட இயலாத குழந்தைகள் அதில் சேர்க்கப்படவில்லை. மார்பு மருத்துவமனைக்குப் பகை அன்று. "வீட்டிலேயே மார்பில் வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லி ஒன்றேகால் கிலோக் குழந்தையை மருத்துவர் சொல் மீறி அழைத்துச் செல்வோருக்கு என் உரை துணைபோகாது.

மருத்துவமனையிலிருந்து முறையாக வீடு வந்த பிறகு? அங்கேதான் குடும்பத்தின் பங்கு பெரிது. ஹரியானாவில் 1,500 முதல் 2,250 கிராம் வரை எடையுள்ள 8,402 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று தாய்மாருக்கு இம்முறையைக் கற்றுத் தந்தனர். கற்பிக்கப்பட்ட வீடுகளில் முதல் மாத இறப்பு 30 விழுக்காடும், ஆறு மாதத்துக்குள் நேர்ந்த இறப்பு 25 விழுக்காடும் குறைந்தன. கருவி எதுவும் இல்லை. துணியும் மார்பும் வீட்டாரின் ஒத்துழைப்புமே இருந்தன.

செய்முறை எளிது; ஆயினும் சில நுட்பங்கள் உண்டு. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடைத்துணி ஆகியவை மட்டும் போதும். முன்புறம் திறக்கும் சட்டையைத் தாய் அணிந்திருக்க வேண்டும். இரு மார்பகங்களுக்கும் நடுவே குழந்தையை நிமிர்ந்த நிலையில் வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, முகவாய் சற்றே உயர்ந்திருக்கும்படி செய்க. கழுத்து முன்புறம் மடிந்தால் மூச்சுக்குழல் நெரியும். பின்புறம் மிகச் சாய்ந்தாலும் அவ்வாறே. கைகால்கள் தவளையின் கால்களைப்போல் மடங்கி விரிந்திருக்க வேண்டும். பிறகு பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ மடித்து, மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழ் வருமாறு உறுதியாகக் கட்டுக. வயிற்றுப் பகுதியில் இறுக்கம் வேண்டா. குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடுகிறது. மூக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். அடிக்கடி எடுத்து வைப்பது குழந்தையை அலைக்கழிக்கும். தாய் நடக்கலாம், உண்ணலாம், நூல் படிக்கலாம். உறங்கும்போது தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த நிலையில் உறங்க வேண்டும், மல்லாந்து படுத்தலாகாது. நாள் நிரம்பி, எடை இரண்டரைக் கிலோவை எட்டும்போது குழந்தையே நெளிந்து, கையை வெளியே இழுத்து, போதும் என்று தெரிவித்துவிடும். அதுவே நிறுத்தும் காலம்.

பால் பற்றி ஒரு சொல். மார்பில் இருக்கும் குழந்தைக்குப் பாலின் மணம் தெரியும். தாய்க்கும் பால் நன்கு சுரக்கும். உறிஞ்ச வலுவில்லாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுக. நம் பாட்டிமார் வைத்திருந்த அந்தப் பாலாடையை இன்று குழந்தைநல மருத்துவ நூல்கள் அதே பெயரால் குறிப்பிட்டுப் பரிந்துரைக்கின்றன. புட்டியும் காம்பும் வேண்டா. ஒன்றரைக் கிலோக் குழந்தைக்கு முதல் நாளில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ எட்டு மில்லி, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி, இரண்டு மணிக்கு ஒருமுறை போதுமானது. "பால் போதவில்லை" என்று முதல் நாளே தாயை மனம் நோகச் செய்வோர், இந்த எட்டு மில்லியை அளந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இனி நம் இல்லங்களுக்கு உரியவை. பிறந்த குழந்தைக்குச் 'சேனை' வைக்கும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. நம் வீடுகளில் தேன் புகாது. ஆனால் சர்க்கரைத் தண்ணீர் புகுந்துவிடுகிறது. அதுவும் வேண்டா. எடை குறைந்த குழந்தையைப் பிறந்த அன்றே குளிப்பாட்டுவதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் கூடாது.

பேற்றுத் தீட்டு நாட்கள் குறித்துச் சிலர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதுண்டு. அந்த வழக்கத்தின் நெறிகளை விளக்க நான் தகுதியுடையவள் அல்லேன். ஒரு மருத்துவராக நான் காண்பது இதுதான்: தாயை அடுக்களைக்கு விடாமல், வேலை சொல்லாமல், தனி அறையில் குழந்தையோடு இருக்கச் செய்யும் நாட்கள் அவை. மார்பில் வைத்துப் பேணுவதற்கு அதைவிட ஏற்ற ஏற்பாடு வேறில்லை. ஆனால் அவளைத் தனிமையில் விட்டுவிட்டு உணவை வாயிற்படியில் வைத்துச் செல்லும் வீட்டில் அது தண்டனையாகிவிடும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் குழந்தையைச் சுமப்பவளுக்கு முதுகு வலிக்கும். அவள் குளிக்கவும் உறங்கவும் வேண்டும். அவ்வேளையில் மாமியாரோ தாயாரோ நாத்தனாரோ தம் மார்பில் குழந்தையை ஏந்த வேண்டும். கணவரும் ஏந்தலாம். ஆடவர் மார்பும் சூடு தரும். இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டில் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்த தந்தையரைக் கண்டிருக்கிறேன். முதல் நாள் வெட்கப்படுவர். மூன்றாம் நாள் கேட்டு வாங்கிக்கொள்வர்.

இரவு உண்ணாமையைக் கைக்கொள்ளும் தாய்மார் பற்றியும் சொல்ல வேண்டும். இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை பால் தர வேண்டியவளுக்கு நீரும் உணவும் தேவை. பகலில் ஐந்தாறு முறையாக நிறைய உண்ணச் செய்யுங்கள். அதுவும் போதாத நிலையில், நோன்பைத் தளர்த்திக்கொள் என்று இல்லத்துப் பெரியோரே முன்வந்து சொல்லுதல் நலம். புதிதாக வந்த மருமகள் அதனைத் தன் வாயால் கேட்க மாட்டாள்.

குழந்தை பார்க்க வரும் உறவினரை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். பால் குடிக்க மறுத்தல், உள்ளங்கால் சில்லிட்டிருத்தல், மூச்சு விரைதல் அல்லது இடையில் நின்று நின்று வருதல், நீலம் பாய்தல், வலிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். குழந்தையை மார்பில் கட்டியபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வழியில் குளிராமல் கொண்டு சேர்ப்பதற்கும் அதுவே சிறந்த வழி.

அறக்கட்டளையினரிடம் ஒரு விண்ணப்பம். நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்துக்கென நீங்கள் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, நம் ஊர்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குச் சாய்வு நாற்காலிகளாக வழங்கலாம். தாய் ஆறு மணி நேரம் முதுகு சாய்த்து அமர ஒரு நாற்காலி இல்லாமையால் இம்முறை நின்றுபோகும் இடங்கள் உண்டு. கட்டுத்துணியும் சிறு தொப்பிகளும் தைத்துத் தர நம் மகளிர் குழுவுக்குக் கை உண்டு.

மேடையின் வலப்புறத்து மேசையில் பருத்தித் துணிகளும், மணல் நிரப்பித் தைத்த துணிப்பொம்மை ஒன்றும் வைத்துள்ளேன். பொம்மையின் எடை ஒன்றரைக் கிலோ. உணவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாமியாரும் மருமகளுமாக வந்து கட்டிப் பாருங்கள், ஆடவரும் வரலாம். கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.